குழாய் ஒன்று, புற்று இரண்டு

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்டேஜ், டாக்டர்?" என்பதுதான். அந்தக் காகிதத்தில் அதற்குப் பதில் இருக்காது. ஸ்டேஜைச் சொல்ல சி.டி. ஸ்கேன், பெட் ஸ்கேன், எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திப் பார்க்கும் சோதனை என்று இன்னும் சில நாள் அலைய வேண்டியிருக்கும். பயாப்சி சொல்வது வேறு: புற்று எந்த வகைச் செல்லிலிருந்து கிளம்பியது என்பதை. பெரும்பாலும் அது ஒரே ஒரு வரி. வாயில் நுழையாத பெயர் என்பதால் யாரும் அதைத் துருவிக் கேட்பதில்லை. ஆனால் உணவுக்குழாய்ப் புற்றில் அந்த வரி தெரியாமல், 'எவ்வளவு காலம் இருப்பார்' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் எதையும் சொல்ல முடியாது.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். தொண்டைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. அதன் உட்புறம் முழுவதும் தட்டையான செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் இருப்பது இதே வகைப் படலம்தான். முறுக்கோ மீன்முள்ளோ உரசினாலும் தாங்கும், மேலடுக்கு உதிர்ந்தால் கீழடுக்கு எழும்பி வரும். இரைப்பையைத் தொடும் இடத்தில் இந்த வெளிறிய படலம் முடிந்து, கருஞ்சிவப்பான சுரப்பிப் படலம் தொடங்குகிறது. எண்டோஸ்கோப்பில் அந்த எல்லை கோணல்மாணலாகத் தெரியும். இசட் கோடு என்பார்கள்.

இந்த இரண்டு படலங்களையும் ஒட்டித்தான் இரண்டு புற்றுகள். தட்டைச் செல்லில் கிளம்புவது செதிள் செல் புற்று; ஆஸ்பத்திரியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. சுரப்பிச் செல்லில் கிளம்புவது அடினோகார்சினோமா. முதலாவது பெரும்பாலும் குழாயின் நடுப்பகுதியில் வரும், இரண்டாவது கீழ்முனையில், இரைப்பை வாயருகே.

நோயியல் நிபுணரின் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருத்துவம் படிக்காதவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். செதிள் வகையில் இளஞ்சிவப்பான செல்கள் திட்டுத்திட்டாக நெருங்கிக் கிடக்கும். திட்டின் நடுவில் வட்ட வட்டமாகச் சுருண்டு, பளீரென்ற இளஞ்சிவப்பில் கெரட்டின் திரண்டிருக்கும். கெரட்டின் முத்து என்பது அதற்குப் பெயர். நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம்தான். புற்றாக மாறிய பிறகும் செல் தன் பரம்பரைத் தொழிலை விடவில்லை. அடினோகார்சினோமாவில் முத்து கிடையாது. செல்கள் வளையமாக நின்று, ஒரு சுரப்பியைக் கட்டப் பார்த்துப் பாதியில் கைவிட்டதுபோல நடுவில் ஒழுங்கற்ற வெற்றிடம் விட்டிருக்கும். சிலவற்றில் அந்த வெற்றிடத்துக்குள் சளிப்பொருள் தேங்கி நிற்கும். செல்கள் மிகவும் உருக்குலைந்து எதுவும் பிடிபடாதபோதுதான் பி40 போன்ற சாயங்களை நாடுவார்கள். அந்தச் சாயம் ஏறினால் செதிள் வகை.

இரண்டும் வளரும் மனிதர்கள் வேறு, ஊர்களும் வேறு. உலகக் கணக்கில் உணவுக்குழாய்ப் புற்று வந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் செதிள் வகைதான். வட ஈரானிலிருந்து மத்திய ஆசியா வழியாக வட சீனா வரை அதற்கென்றே ஒரு பட்டை உண்டு. சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் லின்சியான் என்ற வட்டாரத்தில் இந்த நோய் எவ்வளவு மலிந்திருந்ததென்றால், அங்கே வளர்ந்த கோழிகளின் தொண்டையிலும்கூடப் புற்றைக் கண்டார்கள். ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் 2004ல் தொடங்கி 50,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, சூடான தேநீரைச் சந்தேகித்தது. 'சூடாகக் குடிப்பீர்களா' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும் என்பதால் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் வெப்பமானியைப் போட்டார்கள். அது 75 டிகிரி காட்டும்போது மற்றதை ஒரு வாய் குடிக்கச் சொல்லி, "வழக்கமாக இந்தச் சூட்டில்தான் குடிப்பீர்களா?" என்று கேட்டார்கள். இல்லையென்றால் ஐந்து டிகிரி ஆறும்வரை காத்திருந்து மறுபடியும். 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாளுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தவர்களுக்கு, ஆறவைத்துக் குறைவாகக் குடித்தவர்களைவிடச் செதிள் வகைப் புற்று வரும் வாய்ப்பு 90 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம்மூர் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கக் கேட்டு வாங்குபவர்கள் கவனிக்க.

புகையும் மதுவும் தனித்தனியாகச் செய்யும் கேட்டைவிடச் சேர்ந்து செய்யும் கேடு பெரிது. மது உடைந்து அசிட்டால்டிஹைடாகிறது. அதை அப்புறப்படுத்தும் நொதி ஜப்பான், சீனா, கொரியா மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு மரபிலேயே மந்தம். ஒரு மடக்கு குடித்ததுமே முகம் சிவப்பவர்கள் இவர்கள்தான். அதையும் மீறிக் குடித்துக்கொண்டே இருந்தால் உணவுக்குழாய் விலை கொடுக்கிறது. இந்தியாவில் அசாம், மேகாலயா, காஷ்மீர் ஆகியவை இந்த நோய்க்குப் பேர்போன இடங்கள். தமிழ்நாட்டிலும் பெரும்பான்மை செதிள் வகைதான். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் வாய்ப்புற்றோடு உணவுக்குழாய்ப் புற்றையும் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எட்டிய முடிவு. 'புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்' என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

அடினோகார்சினோமாவின் கதை நெஞ்செரிச்சலில் தொடங்குகிறது. இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறிக் கீழ்முனையைப் பொசுக்கினால், சிலருக்கு அங்கே தட்டைச் செல்கள் போய், குடலில் இருப்பதைப் போன்ற சுரப்பிச் செல்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதற்கு பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை அறுவை நிபுணர் நார்மன் பாரெட் 1950ல் இதைப் பற்றி எழுதியபோது, அது உணவுக்குழாயே இல்லை, மார்புக்குள் இழுபட்டு வந்த இரைப்பை என்றுதான் சாதித்தார். 1953ல் ஆலிசன், ஜான்ஸ்டன் இருவரும் அது உணவுக்குழாய்தான் என்று காட்டினார்கள். 1957ல் பாரெட்டும் ஒப்புக்கொண்டார். பெயர் மட்டும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. ஸ்வீடனில் 1999ல் வந்த ஆய்வில், அடிக்கடி எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அடினோகார்சினோமா வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. பல்லாண்டுகளாகக் கடுமையாக இருந்தவர்களுக்கு நாற்பது மடங்குக்கும் மேல். அதே எதுக்களிப்புக்கும் செதிள் வகைக்கும் தொடர்பே தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு புளித்த ஏப்பம் விடுபவர்கள் எல்லாம் கலங்க வேண்டாம். டென்மார்க்கில் பாரெட் மாற்றம் வந்தவர்களைப் பின்தொடர்ந்ததில், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவர் சொச்சத்துக்குத்தான் புற்று வந்தது.

உடல்பருமனும் எதுக்களிப்பும் பெருகியதோடு, அமெரிக்காவில் 1975க்கும் 2001க்கும் இடையே அடினோகார்சினோமா பத்து லட்சம் பேருக்கு 4 என்பதிலிருந்து 23 ஆக ஏறியது. சிகரெட் குறையக் குறையச் செதிள் வகை இறங்கியது. மேற்கத்திய மருத்துவமனைகளில் ஒரே தலைமுறைக்குள் நோயாளியின் முகமே மாறிவிட்டது.

பிழைப்புக் கணக்குக்கு வருவோம்.

அறுவை ஒன்றே கதி என்றிருந்த காலத்தில் இந்தக் குழாயைத் தொடவே அஞ்சினார்கள். 1913 மார்ச்சில் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக், 67 வயதுப் பெண் ஒருவரின் மார்புக்குள்ளிருந்த உணவுக்குழாயை வெட்டியெடுத்தார். மீதியைச் சேர்த்துத் தைக்க வழி தெரியாத காலம். கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டுக்கும் இடையே மார்பின் மேலாக ஒரு ரப்பர் குழாய். மென்று விழுங்கியது அந்த ரப்பர் வழியாக வயிற்றுக்குப் போனது. அந்த அம்மாள் அப்படியே 13 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருக்கு இருந்தது செதிள் வகை. ஒருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுதான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இப்படிப் பிழைத்தவர்கள் அபூர்வம்.

பெரிய எண்ணிக்கைகள் சேர்ந்தபோது வேறு படம் தெரிந்தது. மியூனிக்கில் சீவெர்ட் குழுவினர் தொடர்ச்சியாகச் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை 2001ல் அலசினார்கள். ஸ்டேஜ் முதலானவற்றைக் கழித்த பிறகும், செல் வகை தன்னளவில் ஆயுளைப் பாதித்தது. அடினோகார்சினோமா நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். உலகின் பல மையங்களைச் சேர்ந்த 4,627 பேரின் விவரம் திரண்டதும் 2010ல் ஸ்டேஜ் அட்டவணையே இரண்டாகப் பிரிந்தது: ஒன்று செதிள் வகைக்கு, மற்றது அடினோவுக்கு. அதுவரை இரண்டுக்கும் ஒரே அட்டவணைதான்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு பாதி உடலமைப்பில் இருக்கிறது. உணவுக்குழாயின் நிணநீர்க் குழல்கள் சுவரின் உள்ளடுக்கிலேயே நெடுக்குவாட்டில் ஓடுகின்றன. வெளிப்புறத்தில் குடலுக்கு இருப்பதுபோல உறையும் இல்லை. செதிள் வகை இந்தக் குழல்களுக்குள் சீக்கிரமே இறங்கிவிடுகிறது. கட்டி நடுவில் இருக்க, நெறிகட்டி கழுத்திலும் வரும், வயிற்றிலும் வரும். அதோடு மூச்சுக்குழாய் ஒட்டியே இருப்பதால் அறுவை நிபுணருக்குத் தாராளமாக வெட்ட இடமில்லை. இன்னொரு பாதி நோயாளியிடம். பல்லாண்டு புகையும் மதுவும் உணவுக்குழாயை மட்டுமா கெடுக்கும்? நுரையீரலும் கல்லீரலும் தளர்ந்து, உடல் மெலிந்து வருபவர் பெரிய அறுவையைத் தாங்குவது கடினம். புற்றிலிருந்து தப்பினாலும் வாயிலோ தொண்டையிலோ நுரையீரலிலோ இன்னொன்று வரலாம். அடினோகார்சினோமாக்காரர்களில் ஒரு சாரார் பாரெட் மாற்றத்துக்காக ஏற்கெனவே எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பில் இருப்பவர்கள். அவர்களுக்கு நோய் முளையிலேயே அகப்படுகிறது. ஆக 'அடினோ நல்ல புற்று' என்று இதற்குப் பொருளில்லை. கத்தி மட்டுமே கையில் இருந்தபோது அது கொஞ்சம் முன்னால் நின்றது, அவ்வளவுதான்.

கையில் இருப்பது மாறியதும் வரிசையும் மாறியது. நெதர்லாந்தில் 2004 முதல் 2008 வரை 366 பேரை வைத்து நடந்த கிராஸ் ஆய்வை இந்த அத்தியாயத்தின் மையம் என்றே சொல்வேன். பாதிப் பேருக்கு நேரே அறுவை. மீதிப் பேருக்கு ஐந்து வாரம், வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல். கூடவே 23 தவணைகளில் ரேடியேஷன். அதன் பிறகு அறுவை. நோயாளிகளில் 275 பேருக்கு அடினோ, 84 பேருக்குச் செதிள் வகை. முடிவை நடுமதிப்பில் சொல்வார்கள். அதாவது பாதிப் பேர் அந்தக் காலத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். வெறும் அறுவை செய்தவர்களில் அடினோவுக்கு 27.1 மாதம், செதிள் வகைக்கு 21.1 மாதம். மியூனிக் சொன்னதேதான். கீமோவும் ரேடியேஷனும் முன்னால் கொடுத்தவர்களில் அடினோவுக்கு 43.2 மாதம், செதிள் வகைக்கு 81.6 மாதம். பின்னால் நின்றது முன்னால் வந்து, கிட்டத்தட்ட இரட்டிப்பு தூரம் ஓடியிருக்கிறது.

வெட்டியெடுத்த உணவுக்குழாய்கள் அதே கதையைச் சொன்னன. அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் தேடியபோது, செதிள் வகையில் 49 சதவீதத்தினருக்கு உயிருள்ள புற்றுச்செல் ஒன்றுகூட அகப்படவில்லை. அடினோவில் இது 23 சதவீதம்.

84 பேர் என்பது சிறிய எண் என்று யாராவது முணுமுணுத்தால் தப்பில்லை. சீனாவில் செதிள் வகையினர் 451 பேரை மட்டும் வைத்து நடந்த ஆய்விலும் இதே போக்குதான்: முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 100.1 மாதம், நேரே அறுவைக்குப் போனவர்களுக்கு 66.5. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நெதர்லாந்தில் வெறும் அறுவை செய்த செதிள் நோயாளிக்கு 21 மாதம், சீனாவில் அதே வகைக்கு 66 மாதம். செல் ஒன்றே, சிகிச்சையும் ஒன்றே. ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், எவ்வளவு முற்றிய நோய், யார் அறுத்தார்கள் என்பதெல்லாம் இவ்வளவு தூரம் இழுக்கிறது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துத் தீர்ப்பு எழுதும் செய்திக்கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஒரே ஆய்வுக்குள் ஒரே சீட்டுக்குலுக்கலில் பிரிந்தவர்களைத்தான் ஒப்பிட முடியும். ஜப்பான்காரர்கள் வேறு இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தார்கள். கழுத்து, மார்பு, வயிறு என்று மூன்று இடத்திலும் நெறிகட்டிகளைத் துப்புரவாக எடுக்கும் அவர்களது கைகளில், மூன்று மருந்து கீமோ பெற்ற செதிள் நோயாளிகளில் 72.1 சதவீதம் பேர் மூன்றாண்டு தாண்டினார்கள். ரேடியேஷன் சேர்த்த பிரிவில் 68.3 சதவீதம்.

செதிள் செல் கதிருக்கு இப்படி மசிவது உணவுக்குழாயின் தனிப்பண்பு இல்லை. செரிமானப் பாதையின் மறுமுனைக்குப் போனால் அதே காட்சி. மலக்குடலில் சுரப்பிப் படலம், ஆசனவாயில் தட்டைச் செல் படலம். அங்கேயும் ஓர் எல்லைக்கோடு, அங்கேயும் இரண்டு வகைப் புற்று. 1974ல் டெட்ராய்ட் நகரின் நார்மன் நைக்ரோ, ஆசனவாய்ச் செதிள் புற்று வந்த மூன்று பேருக்கு அறுவைக்கு முன் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்தார். அறுவை செய்துகொண்ட இருவரிடம் எடுத்த திசுவில் புற்றே இல்லை. மூன்றாமவர் அறுவையே வேண்டாம் என்றுவிட்டார். ஆசனவாயை அகற்றி வயிற்றில் பை மாட்டுவதுதான் வழி என்றிருந்தது அதோடு மாறியது. இன்று அந்தப் புற்றுக்கு முதல் சிகிச்சை கீமோவும் ரேடியேஷனும்தான்.

மரபணு ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. 2017ல் நேச்சர் இதழில் வந்த விரிவான அலசல், உணவுக்குழாய்ச் செதிள் புற்றின் மரபணுக் கோளாறுகள் வாய், தொண்டைப் புற்றுகளோடு ஒத்துப்போவதைக் காட்டியது. அடினோகார்சினோமாவோ இரைப்பைப் புற்றின் ஒரு வகையோடு பிரித்தறிய முடியாதபடி கலந்து நின்றது. ஒரே குழாயில் குடியிருந்தும் இரண்டுக்கும் உறவு வெளியில்தான். ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், இவை இரண்டையும் ஒரே மருந்துச் சோதனையில் ஒரே நோயாகச் சேர்ப்பதே பொருந்தாது என்று எழுதினார்கள்.

அந்தப் பிரிவினை சிகிச்சையில் இறங்கிவிட்டது. ஜெர்மனியில் 438 அடினோ நோயாளிகளை மட்டும் சேர்த்த எசோபெக் ஆய்வு 2025ல் வெளியானது. கிராஸ் முறைக்கு எதிராக, ரேடியேஷனே இல்லாமல் அறுவைக்கு முன்னும் பின்னும் ஃப்ளாட் என்ற கூட்டு கீமோ. கிராஸ் பிரிவுக்கு 37 மாதம், ஃப்ளாட் பிரிவுக்கு 66 மாதம். அறுவையைத் தாங்கக்கூடிய அடினோ நோயாளிக்கு ரேடியேஷன் இனி முதல் தேர்வு இல்லை. அறுவைக்குப் பின் கொடுக்கும் நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்திலும் இதே இடைவெளி: நோய் திரும்பாதிருந்த காலம் செதிள் வகையில் 11 மாதத்திலிருந்து 29.7 மாதமாக நீண்டது, அடினோவில் 11.1லிருந்து 19.4. ஹெர்2 புரதம் மிகுந்த அடினோவுக்கு டிராஸ்டுசுமேப் உண்டு. செதிள் வகைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. நூறில் ஒன்றிரண்டாக ஸ்மால் செல் வகை வரும். அது தனிச் சாதி. பெரும்பாலும் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கும், பிழைப்பைப் பெரும்பாலும் மாதங்களில் சொல்வதாகத்தான் இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த எண்கள் எல்லாம் அறுவைக்குத் தகுதியானவர்களுடையவை. சோறு இறங்காமல், பிறகு கஞ்சி இறங்காமல், கடைசியில் தண்ணீரும் இறங்காமல் ஆனபிறகு வருபவர்களுக்கு நோய் ஏற்கெனவே வேறெங்கோ போயிருக்கும். எல்லா நிலையினரையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவிலேயே ஐந்தாண்டு தாண்டுபவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அந்தக் கட்டத்தில் செல் வகை எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்குமே தவிர, ஆயுளில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

செதிள் வகை கதிருக்கு மசிகிறது என்றால் அறுவை எதற்கு? ஜெர்மனியிலும் பிரான்சிலும் 2000களில் வெளியான ஆய்வுகள் இரண்டு, கீமோ-ரேடியேஷனோடு நிறுத்திக்கொண்டவர்களும் மேற்கொண்டு அறுவைக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே காலம் வாழ்ந்ததைக் காட்டின. நிறுத்திக்கொண்டவர்களுக்கு அதே இடத்தில் நோய் அதிகமாகத் திரும்பியது. அறுத்தவர்களில் அறுவையாலேயே இறந்தவர்கள் அதிகம். நெதர்லாந்தின் சானோ ஆய்வு வேறு வழியில் போனது. முன்சிகிச்சைக்குப் பிறகு புற்று தட்டுப்படாதவர்களை உடனே அறுக்காமல், குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோப்பியும் பயாப்சியும் பெட் ஸ்கேனும் செய்து காத்திருந்தார்கள். இரண்டாண்டு முடிவில் காத்திருந்தவர்களில் 74 சதவீதமும் உடனே அறுத்தவர்களில் 71 சதவீதமும் உயிரோடிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதே இடத்தில் புற்று மீண்டும் முளைத்தது, பிறகு அறுவை பேசப்பட்டது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள், குழாய் உடம்போடு இருக்கவே தப்பினார்கள்.

உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மார்புக்குள் இழுத்துத் தைத்த பிறகு ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதைப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றின் மதிப்பு விளங்கும். இரண்டு இட்லியோடு வயிறு நிறைந்துவிடும். சாப்பிட்டதும் படுத்தால் உண்டது தொண்டைக்கு வரும். தலைமாட்டை உயர்த்தித்தான் உறங்க வேண்டும். இனிப்பு சாப்பிட்டால் சிலருக்குப் படபடத்து வியர்த்துக்கொட்டும். ஸ்வீடன் முன்னின்று நடத்தும் நீட்ஸ் என்ற ஆய்வு செதிள் வகையினரை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்சிகிச்சையும் அறுவையும் ஒரு பக்கம், முழு அளவு கீமோ-ரேடியேஷன் கொடுத்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்பது மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்கிறது. அதில் எத்தனை மாதம் வாழ்ந்தார் என்பதோடு, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்பதையும் நோயாளியிடமே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.